சாரி: வலியில் பிறந்த ஒரு சொல்

(தவக்கால வானொலி மறையுரை. கேட்கத் தவறிய பங்கு மக்களுக்காக எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.)



நாளொன்றுக்கு எத்தனை முறை ‘சாரி’ சொல்கிறோம் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் காலை ரயிலில் ஏறும்போது பக்கத்தில் நிற்பவரின் காலை மிதித்துவிட்டால் சாரி. எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ முழங்கையை உரசிவிட்டுப் போனால், ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கி ஒரு சாரி. மறைக்கல்வி வகுப்புக்கு அரை மணி தாமதமாக வரும் பையன் வாசலிலேயே ‘சாரி ஃபாதர்’ என்கிறான். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத நம் பாட்டிமார்கூட ‘சாரிம்மா’ என்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து வந்தது என்ற நினைவே இல்லாத அளவுக்கு இந்தச் சொல் நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது.

இதைப் பற்றி மறையுரையில் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நாங்கள் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறோம்.

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதை முடிந்ததும் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலை. ஐம்பது வயதை நெருங்குகிறவர். பேசாமல் கைபேசியை எடுத்து எங்களிடம் நீட்டினார். அவருடைய அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி: ‘சாரி டா’. முந்தின இரவு பதினொரு மணிக்கு வந்திருந்தது.

‘பதினோரு வருசம் ஃபாதர். ஒரு வார்த்த இல்ல. இப்ப இத்த போட்டுக்கிறான். நான் இன்னா பதில் போடறது?’

நாங்கள் விவரம் கேட்கவில்லை. அன்று இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். ‘அண்ணனே இறங்கி வந்துட்டாரே, பெருசு பண்ணாதீங்க, தவக்காலம் வேற, மன்னிச்சி விட்டுருங்க’ என்று சொல்லி, தலையில் கைவைத்துச் செபித்து அனுப்பிவிட்டோம். அவரும் ‘சரி ஃபாதர்’ என்று எழுந்து போனார். அதன்பின் மூன்று ஞாயிறுகள் அவர் திருப்பலிக்கு வரவில்லை.

நான்காம் வாரம் அன்பியக் கூட்டத்தில் அவருடைய மனைவியைப் பார்த்தபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. ஹவுசிங் போர்டு வீட்டை அண்ணன் தாயாரிடம் கையெழுத்து வாங்கித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது, தாயும் தம்பி குடும்பமும் மழைக்காலத்தில் வாடகை வீடு தேடி அலைந்தது, அந்த வாடகை வீட்டிலேயே தாய் இறந்தது, அடக்கத்துக்கு அண்ணன் வராமல் போனது. ‘நீங்க சொன்னீங்கன்னு அவுரு பதில் போட்டாரு ஃபாதர். சரின்னு போட்டாரு. அன்னியிலேர்ந்து ராத்திரில தூக்கமே இல்ல.’

சாரி என்று வந்தது. சரி என்று போனது. எழுத்தில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு துணைக்கால்தான். அந்தத் துணைக்காலுக்குள் ஒரு தாயின் மரணம் இருந்தது. அதைக் கேட்காமலேயே நாங்கள் கணக்கை முடித்து அனுப்பியிருந்தோம்.

எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து பாடல் எண்களைப் பலகையில் எழுதி வைப்பவர். பெயர்களைச் சொல்லாமல் பொதுவாக இதைப் பற்றி அவரிடம் வருந்திப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் கேட்டார்: ‘ஃபாதர், சாரின்னா என்ன அர்த்தம் தெரியுமா?’ மன்னிப்பு என்றோம். ‘இல்லை. புண்’ என்றார். பிறகு வெகுநேரம் விளக்கினார். அவர் சொன்னதை நாங்களும் அகராதிகளில் தேடிப் பார்த்தோம்.

ஆங்கிலம் பேசியவர்களின் முன்னோர் ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டில் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் கடற்கரைகளிலிருந்து பிரிட்டன் தீவுக்குப் படகில் வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த பழைய ஜெர்மானியப் பேச்சில் ‘சைராஸ்’ என்பதுபோல ஒரு சொல் இருந்திருக்க வேண்டும் என்று மொழி அறிஞர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். பொருள்: வலி தருவது, புண்பட்டது. அது பழைய ஆங்கிலத்தில் ‘சார்’ ஆயிற்று, காயம், வலி. இன்றைய ஆங்கிலத்தில் புண்ணுக்கும் ரணத்துக்கும் சொல்லும் ‘சோர்’ அதுதான். தொண்டை கட்டிக்கொண்டால் மருத்துவர் ‘சோர் த்ரோட்’ என்று எழுதுகிறாரே, அதே சோர். இந்தச் ‘சார்’ என்பதோடு ஒரு விகுதி சேர்ந்து ‘சாரிய்’ என்று ஒரு சொல் உண்டானது. வலி நிறைந்தவன், உள்ளே புண்பட்டிருப்பவன் என்று பொருள். அதுதான் இன்றைய சாரி.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்துக்காரர்கள் இன்று இந்தச் சொல்லின் முதல் எழுத்தை ‘சொ’ என்பதுபோலக் குறுக்கிச் சொல்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய முப்பாட்டன்மார் நீட்டி ‘சா’ என்றே சொன்னார்கள். ஆங்கிலம் சரியாக உச்சரிக்க வரவில்லை என்று நம் பிள்ளைகளைக் கேலி செய்கிறார்கள் அல்லவா? இந்த ஒரு சொல்லில் மட்டும் முல்லை நகர் பிள்ளை பழைய ஆங்கிலத்துக்கு இலண்டன் பிள்ளையைவிட நெருக்கமாக இருக்கிறது!

துயரத்தைக் குறிக்கும் ‘சாரோ’ என்ற ஆங்கிலச் சொல் இதன் உடன்பிறப்புப் போலத் தோன்றும். உண்மையில் அது வேறு வேரிலிருந்து வந்தது. ஜெர்மன் மொழியில் கவலையைக் குறிக்கும் ‘சோர்கெ’ அதற்கு உறவு. பக்கத்து வீட்டில் நெடுநாள் குடியிருந்து முகச்சாயல் ஒன்றிப்போனவர்களைப்போல இரண்டு சொற்களும் ஒன்றையொன்று பாதித்துக்கொண்டன, அவ்வளவுதான்.

சாரியின் உண்மையான உறவினர் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். டச்சு மொழியில் ‘ஸேர்’ என்றால் வலி. குழந்தை விழுந்தால் ‘ஸேர் செய்கிறது’ என்றுதான் அழும். நம் எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டி டச்சுக்காரர் வாழ்ந்தார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. அந்த வீடுகளிலும் இந்த ஸேர் ஒலித்திருக்கும். (டச்சுக்காரர் நமக்கு விட்டுப்போன சொற்களும் உண்டு. இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் கந்தோர் என்பது அவர்களிடமிருந்து வந்தது. இன்னொரு சொல்லைக் கோயில் இதழில் அச்சிட வேண்டாம். வீட்டின் பின்புறம் இருக்கும் அறை என்றால் பெரியவர்களுக்குப் புரியும்.) ஜெர்மன் மொழியிலோ இதே சொல் ‘மிகவும்’ என்று ஆகிவிட்டது. வலிக்கிற அளவுக்கு என்பது தேய்ந்து தேய்ந்து வெறும் ‘ரொம்ப’ ஆயிற்று. நாம் ‘பயங்கர சந்தோஷம்’, ‘கொலப் பசி’ என்கிறோமே, அதில் பயமும் இல்லை, கொலையும் இல்லை, அதுபோலத்தான். பக்கத்திலிருக்கும் பின்லாந்து மக்கள் ஜெர்மானிய இனத்தவர் அல்லர். ஆனாலும் இந்தச் சொல்லைப் பழங்காலத்திலேயே கடன் வாங்கினார்கள். அவர்கள் மொழியில் ‘சைராஸ்’ என்றால் இன்றுவரை நோயாளி.

வலி என்றிருந்த சொல், ‘உனக்குச் செய்ததை நினைத்து எனக்கு வலிக்கிறது’ என்று சொல்லவும் பயன்பட்டது. பிறரின் துன்பத்தைக் கண்டு வருந்தவும் பயன்பட்டது. ஆங்கிலேயர் சாவு வீட்டிலும் இதே சொல்லைத்தான் சொல்வார்கள். நம் பிள்ளை ஒருத்தியின் தாத்தா இறந்தபோது பள்ளியில் ஆசிரியை ‘ஐ ஆம் சாரி’ என்றாராம். பிள்ளை வீட்டுக்கு வந்து, ‘தாத்தாவ மிஸ் என்னம்மா பண்ணாங்க?’ என்று கேட்டாளாம். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்கள் பேசும் ஆங்கிலத்தில் துக்கச் சடங்குகளுக்கே ‘சாரி பிசினஸ்’ என்று பெயர். ஒருவேளை அந்தச் சொல்லின் பழைய எடையை இன்று சரியாகச் சுமப்பவர்கள் அவர்கள்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

முழு வாக்கியமாகச் சொல்லாமல் ‘சாரி’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வீசிவிட்டுப் போகும் பழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் வந்ததாக அகராதிகள் காட்டுகின்றன. ‘எனக்கு’ என்பதும் போயிற்று, ‘வலிக்கிறது’ என்பதும் மறந்துபோயிற்று.

சகோதர சகோதரிகளே, நம் தாய்மொழி இந்த இடத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ‘மன்னிச்சிடு’ என்கிறோம். அது ஒரு வேண்டுகோள். வேலை முழுவதும் எதிரே இருப்பவருக்கு. பழைய செபங்களில் ‘பொறுத்தருளும்’ என்று சொல்லி வளர்ந்தோம். பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். பொறை என்றாலே பாரம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நம் அண்ணன்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் இறக்கி வைத்த மூட்டையை நீ தூக்கிக்கொள் என்பதுதான் ‘பொறுத்துக்கொள்’ என்பதன் பொருள். ஆகவே மன்னிப்பவர் சுமக்கிறார். சரி, மன்னிப்புக் கேட்பவர் என்ன செய்கிறார்? அதற்கும் நம் பெரியவர்கள் ஒரு சொல் வைத்திருந்தார்கள்: மனஸ்தாபம். ‘உத்தம மனஸ்தாப மந்திரம்’ என்று பாட்டிமார் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். தாபம் என்றால் சூடு, வேகுதல். மனம் வேகிறது என்று பொருள். ஆனால் தெருவில் அதே சொல்லுக்கு என்ன பொருள்? ‘அவங்க ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம்’ என்றால் சண்டை, பேச்சு இல்லை. கோயிலில் சொன்னால் மனவருத்தம், தெருவில் சொன்னால் பகை. ஒரே சூடுதான். ஒருவர் மனம் தன் தவற்றை நினைத்து வேகாதபோது, இன்னொருவர் மனம் எரிந்துகொண்டே இருக்கிறது.

இலத்தீன் திருச்சபை இதற்கு வைத்த சொல்லுக்கு அரைபடுதல், நொறுங்குதல் என்று பொருள். திருத்தூதர் பணிகள் 2-ஆம் அதிகாரத்தில் பேதுருவின் உரையைக் கேட்டவர்கள் உள்ளம் குத்தப்பட்டவர்களாய், என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆங்கிலம் புண் என்றது, தமிழ் வேக்காடு என்றது, இலத்தீன் அரைபடுதல் என்றது, லூக்கா குத்து என்கிறார். எந்த மொழியும் இதை வாய்ப்பேச்சாக நினைக்கவில்லை.

இந்தச் சொல்லை நமக்குத் தந்தவர்களுக்கே அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் ஆயுதமில்லாத மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூறாவது ஆண்டில், 2019 ஏப்ரலில், பிரிட்டன் பிரதமர் தெரசா மே தம் நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. நாளெல்லாம் ரயிலிலும் கடையிலும் சாரி சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு நாட்டுக்கு அந்த ஒரு இடத்தில் அந்த ஒரு சொல் வரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கான்டர்பரி பேராயராக இருந்த ஜஸ்டின் வெல்பி அமிர்தசரஸுக்கு வந்தார். தம் அரசின் பெயரால் பேசத் தமக்கு அதிகாரம் இல்லை, ஆனால் வெட்கப்படுகிறேன், வருந்துகிறேன் என்றார். பிறகு நினைவிடத்தின் முன் தரையில் முகங்குப்புற விழுந்து கிடந்தார். புனித வெள்ளியன்று வழிபாட்டின் தொடக்கத்தில் குரு பீடத்தின் முன் விழுந்து கிடப்பதை ஆண்டுதோறும் பார்க்கிற நமக்கு அந்தக் காட்சி புரியும்.

ஆஸ்திரேலியாவிலும் இதே சொல்லுக்காகப் பெரும் போராட்டம் நடந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளை அரசே பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போன கொடுமைக்கு 1999-இல் நாடாளுமன்றம் வருத்தம் தெரிவித்தது. பிரதமர் சாரி என்று சொல்ல மறுத்தார். 2008 பிப்ரவரி 13 அன்று கெவின் ரட் பிரதமராக வந்து அந்தச் சொல்லைச் சொன்னபோது, பார்வையாளர் மாடத்தில் இருந்த முதியவர்கள் அழுதார்கள். சொல் மட்டும் போதுமா என்ற கேள்வி அங்கே இன்றும் ஓயவில்லை. அது நியாயமான கேள்விதான். நம் பக்கத்திலேயே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் வாளியும் குவளையுமாக இறங்கி அதை அள்ளினார்கள். அவர்களிடம் போய் யாராவது சாரி என்று மட்டும் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? வலைக்கும் படகுக்கும் கணக்கு இருக்கிறது.

நற்செய்தியில் சக்கேயுவைப் பாருங்கள். அவர் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல்லே வரவில்லை. லூக்கா 19-ஆம் அதிகாரம் முழுவதும் தேடினாலும் கிடைக்காது. உடைமையில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பறித்தவர்களுக்கு நான்கு மடங்கு என்று தொகையைத்தான் சொல்கிறார். பேதுருவும் எதுவும் சொல்லவில்லை. வெளியே போய் அழுதார். அதனால்தான் ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையோடு நின்றுவிடாமல் முன்னால் மனத்துயரையும் பின்னால் பரிகாரத்தையும் திருச்சபை வைத்திருக்கிறது. நடுவிலிருக்கும் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு முன்னையும் பின்னையும் விட்டுவிடுகிறோம் நாம்.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவருக்கு, தம் சகோதரருக்குத் தம்மேல் ஏதோ மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாக்காரர்கள், பீடம் இருந்தது எருசலேமில். போகச் சில நாள் நடை, திரும்பி வர மறுபடியும் அதே நடை. காயப்படுத்தியவரைத்தான் ஆண்டவர் நடக்கச் சொல்கிறார். நாங்களோ காயப்பட்டவரைப் பிடித்து, சீக்கிரம் முடித்துக்கொள் என்று அவசரப்படுத்தியிருந்தோம்.

ஆகவே புனித வாரத்துக்கு முன்பு நாங்கள் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனோம். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. ‘அன்னிக்கி நாங்க கேக்காம சொல்லிட்டோம். தப்பு எங்களோடது’ என்றோம். அவர் எங்களுக்கு உட்கார நாற்காலி போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: ‘எனக்கு சாரி வோணாம் ஃபாதர். வூடு கூட அப்புறம். அம்மாவ வெச்ச எடம் எங்கன்னு அவனுக்குத் தெரியாது. அங்க ஒரு தபா வந்து நிக்கச் சொல்லுங்க.’

அண்ணனிடமும் போனோம். ஒரு முறை இல்லை, நான்கு முறை. முதல் முறை, ‘அதான் மெசேஜ் போட்டேனே ஃபாதர்’ என்றார். இரண்டாம் முறை வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை தாயாரைப் பற்றி அவரே பேசத் தொடங்கினார். நான்காம் முறை ஒன்றும் பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘காசிமேட்டுல எந்தப் பக்கம்?’ என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் தோள் உரசாமல் நடக்க முடியாத கூட்டம். நாங்கள் கல்லறைகளை மந்தரித்துக்கொண்டே போனபோது அந்தக் கல்லறையருகே தம்பி குடும்பத்தோடு நின்றிருந்தார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, மதிலோரமாக, கையில் எதுவும் இல்லாமல் அண்ணன். அருகே வரவும் இல்லை, போகவும் இல்லை. தீர்த்தம் தெளித்துவிட்டு நாங்கள் அடுத்த வரிசைக்கு நகர்ந்தோம். திரும்பிப் பார்த்தபோது தம்பி தன் கையிலிருந்த மெழுகுவத்திப் பாக்கெட்டைப் பிரித்து, பாதியை எடுத்து, முகத்தைப் பார்க்காமலேயே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வாங்கிக்கொண்டார். காற்று பலமாக அடித்தது. ஒருவர் ஏற்ற, மற்றவர் கையால் மறைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

வீட்டு விஷயம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.